உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியல்: மதுரையிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்திவரும் காத்திருப்போர் பட்டியலையும், அந்தப் பட்டியலில் ஒரு நோயாளியைச் சேர்ப்பதற்கு மதுரை வட்டாரத்தில் கிடைக்கும் மருத்துவச் சேவையையும் மதிப்பிட்டு இதை எழுதுகிறேன். திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சிறுநீரகம் வேண்டி இப்பட்டியலில் பதிந்திருக்கிறாள். அவளுக்குத் துணையாக நின்று பார்த்தவற்றையும், சட்டத்தையும் விதிமுறைகளையும் தேடிப் படித்து அறிந்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பது என் எண்ணம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டியல் நம்பத்தக்கது; அதற்குள் நுழையும் வாசல்தான் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை.

இப்படியொரு பட்டியல் ஏன் வேண்டியிருந்தது என்பதை அறிய, அது இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் சென்னை வில்லிவாக்கத்தில் கடனில் சிக்கிய ஏழைகள் சிறுநீரகத்தை விற்பது ஊரறிந்த வணிகமாக இருந்தது. அப்பகுதிக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. பணம் உள்ளவருக்கு உறுப்பு, பணம் தேவைப்பட்டவருக்குத் தழும்பு என்பதே அன்றைய பங்கீடு. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியதோடு, மூளைச்சாவையும் மரணமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 2008 செப்டம்பரில், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோரே முன்வந்து கொடையளித்த செய்தி தமிழ்நாடு முழுவதையும் உலுக்கியது. மூளைச்சாவை எப்படி உறுதி செய்வது, கிடைக்கும் உறுப்பை எந்த வரிசையில் பங்கிடுவது என்பதற்கான அரசாணைகள் அந்த ஆண்டிலேயே வெளிவந்தன. அந்தத் திட்டமே பின்னர் 2014-இல் தனி ஆணையமாக உருப்பெற்றது.

பட்டியலை நம்பலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், மூளைச்சாவை உறுதி செய்பவர்களும் உறுப்பைப் பொருத்துபவர்களும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதுதான். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து, நோயாளி தானாக மூச்சுவிடும் ஆற்றலை முற்றிலும் இழந்துவிட்டார் என்பதை உறுதி செய்த பிறகே மூளைச்சாவு என்று எழுத முடியும். உறுப்பு மாற்றுக் குழுவில் இருக்கும் எவரும் இந்தக் குழுவில் இடம்பெறக் கூடாது. குடும்பத்தின் ஒப்புதல் கிடைத்ததும் தகவல் ஆணையத்துக்குச் செல்கிறது. உறுப்பு எந்த மருத்துவமனைக்கு, யாருக்கு என்பதை அங்கே பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கொடுத்தவர் குடும்பத்துக்குப் பெற்றவர் யாரென்று தெரிவிப்பதில்லை, பெற்றவருக்கும் அப்படியே. பேரம் நுழையக்கூடிய ஒரு வழி இதனால் அடைபடுகிறது.

பங்கீட்டின் அடிப்படை விதியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கொடை நிகழ்ந்தால், அரசு மருத்துவமனைகளின் கூட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கே முதல் உரிமை. தனியார் மருத்துவமனையில் நிகழ்ந்தால், அந்த மருத்துவமனைக்கு உறுப்பு மாற்று உரிமம் இருக்கும் பட்சத்தில், இதயமும் கல்லீரலும் ஒரு சிறுநீரகமும் அதன் சொந்த நோயாளிகளுக்குச் செல்லும்; மற்றொரு சிறுநீரகம் பொதுப் பட்டியலுக்கு வரும். மருத்துவமனைக்கு இப்படிப் பங்கு தருவது நியாயமா என்று என் மைத்துனர் கோபப்பட்டார். மூளைச்சாவு அடைந்தவரின் உடலைச் செயற்கைச் சுவாசத்தில் காத்து, குடும்பத்திடம் பேசி, சட்டப்படியான சோதனைகளைச் செய்து முடிப்பது எளிய வேலை அன்று. ஊக்கம் இல்லாவிட்டால் பல மருத்துவமனைகள் அந்தத் தலைவலியே வேண்டாமென்று மூளைச்சாவைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும். ஆகவே இந்த விதியின் தேவையை ஏற்கிறேன். ஆனால் இதன் விளைவையும் மறைக்கக் கூடாது: கொடை அதிகம் நிகழும் பெரிய தனியார் மருத்துவமனையில் பதிந்தவருக்கு வாய்ப்பு கூடுகிறது, எங்கே பதிவது என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் பணம்தான். ஏழைகளுக்கு இதற்கு ஈடாக இருப்பது அரசு மருத்துவமனைகளின் கூட்டுப் பட்டியல். அந்தப் பட்டியல் வலுவாக இருக்க வேண்டுமானால், அரசு மருத்துவமனைகளில் கொடை தடையின்றி நிகழ வேண்டும்.

இனி வரிசைக்கு வருவோம். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ரத்த வகையும் பதிந்த நாளின் மூப்பும்தான் முதன்மையானவை. ஓ வகைச் சிறுநீரகம் எல்லா வகையினருக்கும் பொருந்தும். ஓ வகை நோயாளிக்கோ ஓ வகை மட்டுமே பொருந்தும். எனவே ஓ வகைக் கொடை முதலில் ஓ வகை நோயாளிக்கே போக வேண்டும் என்ற கண்டிப்பு இல்லாவிட்டால், அவர்கள் காலமெல்லாம் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள். என் தங்கை ஓ பாசிட்டிவ்.

ஓர் இரவு அவளை அழைத்தார்கள். ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவரை மட்டும் கூப்பிடும் வழக்கம் இல்லை. கொடையாளரின் உறுப்பு நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தச் சோதனையில் எவருக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே தெரியாததால், வரிசையில் அடுத்தடுத்து இருப்பவர்களையும் வரச் சொல்வார்கள். நாங்கள் போனபோது பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞரும், அவருடைய தாயாரும், இன்னொரு குடும்பமும் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாயார்தான் முதலில் பேசினார். “எத்தன புள்ளைகம்மா ஒனக்கு?” என்று என் தங்கையைக் கேட்டார். “ரெண்டுங்கம்மா” என்றாள் அவள். விடியும் நேரத்தில் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வந்து அந்த இளைஞரின் பெயரை அழைத்தார். என் தங்கையின் ரத்தத்தில் பிறருடைய உறுப்பைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் இருப்பதால் பொருந்தவில்லை என்று எங்களிடம் தனியாக உட்கார்ந்து விளக்கினார். திரும்பும் வழியில் அவள், “பொருந்தாததுக்கு யார என்ன சொல்ல முடியும்ணே? அந்தப் பையனாவது நல்லாருக்கட்டும்” என்றாள். காரணத்தை முகத்துக்கு நேராகச் சொன்னதால்தான் அவளால் அப்படிப் பேச முடிந்தது. வரிசையில் தன்னைத் தாண்டி இன்னொருவருக்கு உறுப்பு போகும்போது, ஏன் போயிற்று என்று அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதைச் சொல்லும் கடமை ஒருங்கிணைப்பாளரின் நல்ல குணத்தைப் பொறுத்ததாக இல்லாமல், எழுத்தில் தரப்படும் விதியாக இருக்க வேண்டும்.

அந்த எதிர்ப்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது மருத்துவர் சொன்ன விடையை நான் இன்றுவரை அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். கருவுறும்போது குழந்தையின் உடலில் இருக்கும் தந்தையின் கூறுகளை எதிர்கொள்ளும் தாயின் உடல், எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்ளக் கூடும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் அவை உருவாகலாம். ஆகவே பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது, பிள்ளை பெறாதவருக்குக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் கடினம். வரிசை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் தாய்மையின் விலையை அவள் அங்கேயும் கட்டுகிறாள். ரத்தம் ஏற்றுவதிலும் ஒரு நியாயக் கேள்வி ஒளிந்திருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வரும் ரத்தசோகையை எரித்ரோபொயட்டின் ஊசியால் சமாளித்தால் ரத்தம் ஏற்றும் தேவை பெரிதும் குறையும். ஊசி தவறாமல் கிடைக்காத ஏழை நோயாளிக்கு ரத்தம் ஏற்றப்படுகிறது, எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன, பட்டியலில் அவர் பெயர் மேலே வந்தாலும் உறுப்பு பொருந்தாமல் போகிறது. பட்டியலில் எந்தச் சூதும் நடக்கவில்லை. அவர் தோற்றது அதற்கு வெகு முன்னால், ஊசி தீர்ந்துபோன ஏதோ ஒரு வாரத்தில்.

பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தியா முழுமைக்குமான கணக்கையும் சொல்லியாக வேண்டும். 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,695 ஆண்களுக்கும், 6,945 பெண்களுக்கும் நடந்தவை என்று உறுப்பு மாற்றுக்கான தேசிய அமைப்பான நோட்டோவின் தரவுகளை வைத்துச் செய்தி வெளியானது. ஐந்து பேரில் நால்வர் ஆண்கள். உயிருடன் இருக்கும்போதே உறுப்பு தருபவர்களிலோ பெரும்பான்மையினர் பெண்கள்: மனைவி, தாய், சகோதரி. இந்த வேறுபாட்டை எந்தக் கணினிப் பட்டியலும் உண்டாக்கவில்லை, வீடுகள் உண்டாக்கின. கணவனுக்கு என்றால் மனைவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறாள். மனைவிக்கு என்றால், “சம்பாதிக்கிற ஆள் படுத்துட்டா வீட்டைப் பாக்குறது யாரு?” என்ற பேச்சு எழுகிறது. என் தங்கையின் வீட்டிலும் எழுந்தது. 2025 ஆகஸ்டில், காத்திருக்கும் பெண்களுக்கும், முன்பு உறுப்புக் கொடை அளித்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தருமாறு நோட்டோ மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இதை நான் மனமார வரவேற்கிறேன். உயிருள்ள உறவினரிடம் பெறும் வழி பெண்களுக்குப் பாதி மூடிக் கிடக்கும்போது, இறந்தவரிடமிருந்து பெறும் வழியிலாவது அவர்களுக்குக் கூடுதல் இடம் தருவதைச் சலுகை என்று கருத முடியாது.

இப்போது வாசலைப் பற்றி. நோயாளி நேரடியாக ஆணையத்தில் பதிய முடியாது. உரிமம் பெற்ற மருத்துவமனை ஒன்றின் வழியாகவே பதிய முடியும். என் தங்கை முதலில் டயாலிசிஸ் செய்துகொண்ட இடத்தில் இப்படியொரு பட்டியல் இருப்பதாகவே எவரும் எங்களிடம் சொல்லவில்லை. குடும்பத்தில் யாராவது தருகிறார்களா என்று ஒருமுறை கேட்டார்கள்; இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. இயந்திரத்தை இயக்கும் ஊழியர் ஒருவர்தான், ஊசியைப் பொருத்திக்கொண்டே, “பேரப் பதிஞ்சு வச்சீங்களாக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு காலம் போயிருக்குமோ தெரியாது. மூப்பைப் பதிவு நாளிலிருந்து கணக்கிடுவதால், தெரியாமல் கழிந்த மாதங்கள் எல்லாம் வரிசையில் இழந்த இடங்களாகிவிட்டன. படித்தவர்கள், மருத்துவரை எதிர்த்துக் கேள்வி கேட்கப் பழகியவர்கள், சென்னையில் சொந்தக்காரர் உள்ளவர்கள் டயாலிசிஸ் தொடங்கிய வாரத்திலேயே பதிந்துவிடுகிறார்கள். கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடும் ஒருவருக்கு அந்தச் செய்தி எப்போது எட்டும்?

இதற்கு மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 2014 டிசம்பரில் சிறுநீரகப் பங்கீட்டு விதிகளை மாற்றியபோது, காத்திருந்த காலத்தைப் பதிவு நாளிலிருந்து எண்ணாமல், டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணும்படி செய்தார்கள். தாமதமாகப் பட்டியலுக்கு வந்த ஏழைகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் அது இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுத்தது. நம்மிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பதிவு இருக்கிறது. எவர் எந்த நாளில் தொடங்கினார் என்பதை அறிவது பெரிய வேலையாக இருக்காது. அந்த நாளையே மூப்பின் தொடக்கமாகக் கொண்டால், எவருக்கும் தீங்கில்லாமல் பெரிய அநீதி ஒன்று நீங்கும். என்னைக் கேட்டால், இப்பட்டியலில் முதலில் செய்ய வேண்டிய திருத்தம் இதுவே.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லோரும் அறிந்ததே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. உறுப்பு மாற்றும் அதில் அடங்கும். கோரிப்பாளையத்தை ஒட்டிப் பனகல் சாலையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில், பழைய ஆட்கள் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்லும் நம் பெரியாஸ்பத்திரியில், சிறுநீரக மாற்று செய்யப்படுகிறது என்பதும் தென் மாவட்ட ஏழைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அறுவையோடு செலவு முடிவதில்லை. பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகளை உறுப்பு உடலில் இருக்கும்வரை விடாமல் சாப்பிட வேண்டும். தனியார் மருத்துவமனையில் பதியும்போது, இந்த மாத்திரைகளை வாங்கத் திராணி இருக்கிறதா என்று மறைமுகமாகவாவது நாடி பிடித்துப் பார்க்கிறார்கள். மாத்திரை நின்றால் உறுப்பு வீணாகும் என்ற அவர்கள் கவலையில் உண்மை இருக்கிறது. ஆயினும் அதற்கு விடை ஏழையைப் பட்டியலிலிருந்து விலக்குவது ஆகாது. எங்கே அறுவை செய்துகொண்டாலும், அரசு மருத்துவமனை மருந்தகத்தில் அம்மாத்திரைகள் தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதியைப் பதியும் நாளிலேயே எழுத்தில் தந்தால் அந்தக் கேள்வியே எழாது.

இதயம், நுரையீரல் ஆகியவற்றில் நிலைமை இன்னும் கூர்மையானது. வெளியே எடுத்த சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். கல்லீரலுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். இதயத்துக்கோ நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். மதுரையிலிருந்து சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல். போக்குவரத்தை நிறுத்தி விமான நிலையம்வரை ஆம்புலன்ஸை விரைவாகக் கொண்டு செல்வதை நாம் வேடிக்கையாகப் பார்க்கிறோம், செய்தித்தாளில் பெருமையாகப் படிக்கிறோம். அந்தப் பெட்டியில் போகும் இதயம், பெரும்பாலும் தலைக்கவசம் இல்லாமல் இருசக்கர வாகனத்தில் போய் நான்குவழிச் சாலையில் அடிபட்ட நம் வட்டார இளைஞர் ஒருவருடையது. அதைப் பொருத்திக்கொள்ளக் காத்திருக்கும் தென் மாவட்ட ஏழை ஒருவர், சென்னையில் வீடெடுத்துத் தங்கியிருக்க வேண்டும். அப்படித் தங்க முடிந்தவருக்கே அந்த இதயம் கிட்டுகிறது. 2017-இல் தமிழ்நாட்டில் கொடையாகக் கிடைத்த இதயங்களில் ஏறத்தாழ கால் பங்கும், நுரையீரல்களில் மூன்றில் ஒரு பங்கும் வெளிநாட்டினருக்குப் பொருத்தப்பட்டதாக 2018-இல் செய்தி வெளியாகிப் பெரும் விவாதம் எழுந்தது. இந்தியர் எவருக்கும் பயன்படாத நிலையில் மட்டுமே வெளிநாட்டினருக்குத் தரலாம் என்பது விதி. விதி மீறப்படவில்லை என்பதே தரப்பட்ட விளக்கம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என் கேள்வி தீரவில்லை. இத்தனை கோடி மக்களில் அந்த இதயங்களுக்குத் தகுதியான நோயாளி இல்லாமல் போயிருக்க முடியாது. அவர்கள் எவராலும் பட்டியல்வரை வந்து சேர முடியவில்லை என்பதே பொருள். மதுரையில் அரசு செலவில் இதய மாற்று நடக்கும் நாள்வரை இந்தக் கணக்கு நேராகாது.

2023-இல் நடுவண் அரசு செய்த மாற்றங்கள் சரியான திசையில் இருக்கின்றன: 65 வயதைக் கடந்தவர்களும் பதியலாம், எந்த மாநிலத்தவரும் எந்த மாநிலத்திலும் பதியலாம், பதிவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

உயிருள்ளவர் தரும் கொடையில் பழைய நோய் இன்னும் ஒழியவில்லை என்பதை நாமக்கல் மாவட்டம் காட்டியது. பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்களைக் கடனைக் காட்டி மயக்கிச் சிறுநீரகம் எடுத்ததாக 2025-இல் எழுந்த புகாரில், சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் உத்தரவிட்டது. மூளைச்சாவுக் கொடைப் பட்டியல் எந்த அளவுக்கு நேர்மையாகவும் விரைவாகவும் நகர்கிறதோ, அந்த அளவுக்குத் தரகர்களுக்கு வேலை குறையும். பட்டியலில் நம்பிக்கை இழந்த குடும்பத்தைத்தான் தரகர் தேடி வருகிறார்.

நம்பிக்கை கொடுப்பவர் பக்கத்திலும் வேண்டும். விபத்துச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் மகனை இழந்து நிற்கும் தந்தையிடம் ஒப்புதல் கேட்கும்போது, அவர் முதலில் கேட்பது, “யாருக்குய்யா குடுப்பீங்க? காசுள்ளவனுக்கா?” என்பதுதான் என்று இப்பணியில் இருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்ல முடிகிற மருத்துவமனையில்தான் கொடை நடக்கும். உறுப்புக் கொடை அளித்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த சில நாட்களுக்குள், தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்த ஒருவருக்கு அந்த மரியாதை செலுத்தப்பட்டது. கிராமத்துத் தெருவுக்குள் அரசு அதிகாரிகள் மலர்வளையத்துடன் வருவதை ஊரே பார்க்கிறது. கொடை என்பது பணக்காரருக்குச் செய்யும் ஊழியம் என்ற எண்ணம் அங்கே மாறுகிறது. கரோனா காலமான 2020-இல் 55 ஆகச் சரிந்த மூளைச்சாவுக் கொடையாளர் எண்ணிக்கை, 2023-இல் 178 ஆகவும் 2024-இல் 268 ஆகவும் ஏறியிருக்கிறது. சிறுநீரகத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் மாநிலத்தில் இது போதாது. எனினும் இந்த ஏற்றம் உண்மையானது.

மதுரை வட்டாரத்தில் இச்சேவையை நாடுபவர்களுக்குச் சில செய்திகள். டயாலிசிஸ் தொடங்கிய வாரத்திலேயே, உரிமம் பெற்ற மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரை நேரில் பாருங்கள். மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காப்பீட்டு அட்டை, ஆதார், டயாலிசிஸ் குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இதய எக்கோ, பல் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி ஆகியவற்றை முன்பே முடித்து வைத்தால் பதிவு தள்ளிப்போகாது. பதிவு எண்ணை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். காய்ச்சல், கிருமித் தொற்று போன்ற காரணங்களால் பெயரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. குணமானதும் மீண்டும் செயலில் வைத்தார்களா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால், ஊசியால் சமாளிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஏற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், அதை ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவியுங்கள். கைபேசி எண்ணை மாற்றினால் அன்றே சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவர் எண்ணையும் கொடுத்து வையுங்கள். அழைப்பு பெரும்பாலும் இரவில் வரும். கம்பத்திலிருந்து ஆரப்பாளையத்துக்கோ, ராமநாதபுரத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கோ அந்நேரத்துக்குப் பேருந்து கிடைக்கும் என்று நம்பி இருக்காமல், ஊரில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அவர் எண்ணைப் பதிவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.